ஒரே அளவு இரும்புச் சட்டை

நண்டுக் கம்பெனியின் தொட்டியில் காலையிலிருந்தே கையை விட்டுக்கொண்டு நின்றாள் சின்னவள். ஓடு கழற்றப் போகும் நண்டுகளைப் பார்த்துப் பிரித்து வைப்பது அவள் வேலை. பின்னங்கால் துடுப்பின் ஓரத்தில் செங்கோடு தெரிந்தால் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஓடு கழற்றிய நண்டு வெண்ணெய் மாதிரி கிடக்கும், பக்கத்து நண்டே அதைத் தின்றுவிடும். ஆனாலும் அதற்கு ஒரு கொடுப்பினை உண்டு. உடம்பு எந்த அளவோ, புது ஓடும் அந்த அளவு. அவள் அக்காவுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

அக்காவுக்குக் கிடைத்தது இரும்புச் சட்டை. முதுகிலும் தொடையிலும் கம்பிகள், மார்பில் இரும்புத் தகடு, இடுப்பில் இரண்டு மோட்டார். போட்டுக்கொண்டு குனிந்து நிமிர்ந்தால் சட்டையே பாரத்தைத் தூக்கும். இனி யாருக்கும் இடுப்பு வலியே வராது என்று சொல்லி, ஒரு பெட்டி தூக்கியவளை இரண்டு பெட்டி தூக்க வைத்தார்கள். வந்த சட்டையெல்லாம் ஒரே அளவு, ஆறடி ஆளுக்குச் செய்தது. மார்பில் பூட்டிய பிறகு பெண்களின் இடுப்பில் தொளதொளவென்று ஆடும். சின்ன அளவு கேட்டால் மேலே இருப்பவர்கள் முகம் சுளிப்பார்களாம், அதனால் சூப்பர்வைசர் கேட்கவே இல்லை. பின்னால் நின்று இடைவெளியில் சாக்குத்துணியைத் திணித்து, "இப்ப டைட்டா இருக்கா? போ, போ" என்று அனுப்பிவிடுவார். அந்தச் சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, அக்காவின் புருஷன்.

போன வாரம் ஈரத்தில் சாக்கு நழுவியது. சட்டையின் மூட்டு இடம் மாறி மேலே ஏறிக்கொள்ள, மோட்டார் தன் பாட்டுக்கு அவளை நிமிர்த்தியது. இரண்டு பெட்டி நண்டோடு அக்கா அலறிய அலறல் தெருமுனை வரை கேட்டது. இப்போது புரண்டு படுக்கவும் அவளுக்கு ஆள் வேண்டும். மாமா தினமும் தைலம் தேய்த்துவிடுகிறாராம். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற மனிதர்!

சட்டை செய்த கம்பெனியின் இன்ஜினியர் அன்று விசாரிக்க வந்திருந்தார். சாக்கைத் திணித்தது சூப்பர்வைசர் என்றால் இடுப்பு ஆபரேஷனை நிர்வாகம் பார்த்துக்கொள்ளும். போட்டிருந்தவளே சட்டையில் கைவைத்தாள் என்றால் ஆபரேஷனும் இல்லை, வேலையும் இல்லை. அக்காவை ஆட்டோவில் கொண்டுவந்து தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

"உள்ள சாக்கு வெச்சது யாரு?" என்று கேட்டார் இன்ஜினியர்.

மாமா தொண்டையைச் செருமினார். "அவங்களேதான் சார். எத்தன தடவ சொல்லியிருக்கேன், கேட்டாத்தானே?"

அவங்களாம்! வீட்டில் 'ஏய்' என்று கூப்பிடுகிற பெண்டாட்டிக்கு இன்றைக்குத்தான் மரியாதை முளைத்திருந்தது.

"மாமா, நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க!" சின்னவள் கையில் நண்டோடே ஓடிவந்தாள். "அக்கா, நீயாவது வாயத் தொறயேன்!"

அக்கா தரையைப் பார்த்தபடி, "நானேதான் வெச்சேன்" என்றாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள்! சுற்றி நின்ற, கூட வேலை பார்க்கும் பெண்களும் சூப்பர்வைசரைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பார்கள். சின்னவளுக்கு அன்று ஆத்திரத்தில்தான் புத்தியே வேலை செய்தது. நண்டைத் தொட்டியில் எறிந்துவிட்டு, சுவரில் தொங்கிய ஒரு சட்டையை மாட்டி மார்பில் பூட்டினாள். ஒரு சாக்குத்துண்டைக் கையில் எடுத்தாள்.

"பாருங்க சார். இத என் இடுப்புக்குப் பின்னால நானே வெக்கிறேன்."

கை போகவில்லை. தோள் கம்பி தடுத்தது. மறு கையால் முயன்றாள், உடம்பை முறுக்கினாள், பல்லைக் கடித்தாள். துணி தரையில் விழுந்ததுதான் மிச்சம்.

"பூட்டறதுக்கு முன்னாடியே வெச்சிருப்பா" என்றார் மாமா.

"நீங்களே வெச்சுப் பாருங்க மாமா. மாட்டும்போதே கீழ விழுந்துடும். பூட்டின அப்புறம் பின்னால ஒரு ஆள் நின்னாத்தான் நிக்கும். அது உங்களவிட யாருக்குத் தெரியும்?"

கூட்டத்தில் ஒருத்தி சிரித்துவிட்டாள். இன்னொருத்தி, "எனக்கும் சூப்பர்வைசர்தான் சார் திணிப்பாரு" என்றாள். அப்புறம் எல்லோருக்கும் வாய் வந்துவிட்டது. இன்ஜினியர் மாமாவை ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போனார். மாமா பெண்டாட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. தூக்கிவிடக் குனிந்த தங்கையின் மார்பில் ஓங்கிக் குத்தினாள்.

"என் குடும்பத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியேடி! அவரு வேலை போச்சுன்னா என் பிள்ளைங்க என்னடி பண்ணும்? உன்ன யாருடி கேட்டா?"

மறுபடியும் மறுபடியும் குத்தினாள். அத்தனையும் இரும்பில் விழுந்தது. சின்னவளுக்குத் துளிகூட வலிக்கவில்லை, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அக்காவின் விரல் மூட்டுகளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

அவள் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இரு அக்கா. இதக் கழட்டிட்டு வர்றேன். அப்புறம் அடி."