டிரைவருக்குப் பெண் கொடுப்பதில்லை

வேல்முருகன் யாரையும் லேசில் நம்பமாட்டார். நாமக்கல்லில் லாரி ஆபீஸ் வைத்திருப்பவருக்கு அது தொழிலோடு ஒட்டிக்கொண்ட குணம். தார்ப்பாய் கட்டியாயிற்று என்று டிரைவர் சொன்னாலும், மேலே ஏறிக் கயிற்றை இழுத்துப் பார்த்த பிறகுதான் வண்டியை விடுவார். சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் மாப்பிள்ளையைப் பற்றித் துப்பு விசாரிக்க இவரைத்தான் அனுப்புவார்கள். தோட்டம் விலைக்குக் கேட்டு வந்தவர் போல மாப்பிள்ளையின் ஊர் டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும், அந்தக் குடும்பத்தின் மூணு தலைமுறைக் கதையோடு திரும்பி வருவார்.

அப்பேர்ப்பட்டவர் தன் ஒரே மகள் ஜெயப்பிரியாவை நெதர்லாந்து மாப்பிள்ளைக்கு நிச்சயம் செய்துவிட்டார். மாப்பிள்ளை கௌதமன், பரமத்தி வேலூர்க்காரன். ஏழு வருஷமாக அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று சொன்னார்கள். வேலூரில் விசாரித்தவரைக்கும் தங்கமான பையன். நெதர்லாந்தில் போய் உட்கார்ந்து விசாரிக்க இவருக்கு ஒரு டீக்கடை இல்லாததுதான் குறை.

தை மாதம் கல்யாணம். ஜெயப்பிரியா டச்சு மொழியில் ஒரு பரீட்சை தேறினால்தான் விசா கிடைக்கும் என்றார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். இங்கிலீஷ் வழியாக டச்சு சொல்லித்தரும் தடிப்புத்தகம் ஒன்றை வாங்கி, தினமும் சாயங்காலம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"பாக்கறதுக்கு இங்கிலீஷுக்குச் சித்தப்பா பையனாட்டத்தானுங்கப்பா இருக்குது. நம்பிப் போனா நடுவழியில காலை வாருது. ரெண்டு வாக்கியத்தை ஒண்ணாச் சேர்த்தா, வினைச்சொல்லைக் கொண்டுபோய் நம்மளாட்டக் கடைசீல வெச்சுக்கறாங்க. இங்கிலீஷ்ல 'தி' ஒண்ணுதானுங்களே, இதுல ரெண்டு. எதுக்கு எது வரும்னு கேட்டா, பாதிக்கு மேல காரணமே இல்லியாம். உருப்போடோணுமாம்."

"காரணமில்லாம எப்படிச் சாமி இருக்கும்? எங்கியாச்சும் மறைச்சு வெச்சிருப்பாங்க," என்றார் வேல்முருகன். காரணம் சொல்லாத மொழியைப் பேசுகிறவர்கள் எப்பேர்ப்பட்டவர்களோ என்று அதிலும் அவருக்கு ஒரு சந்தேகம்.

பக்கத்து லாரி ஆபீஸ் ராசு வந்து அந்தச் சந்தேகத்துக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தார். ராசுவின் மருமகள் அபிநயாவும் நெதர்லாந்தில்தான் இருக்கிறாள்.

"எங்க அபிநயா ஒரு பரிச்சையும் எழுதலியேப்பா வேலு. பெரிய படிப்பு வேலைக்குனு அவங்களே கூப்புட்டுக்கிட்ட ஆளோட பொண்டாட்டிக்கு அதெல்லாம் வேண்டாம்னு உட்டுட்டாங்களே. உம்பட மாப்பிள்ளைக்கு மட்டும் ஏன் கேக்கறாங்க?"

வேல்முருகன் கணக்குப் போட்டுப் பார்த்தார். அப்படியென்றால் பையன் கம்ப்யூட்டர் வேலையில் இல்லை. பின்னே என்ன செய்கிறான்? கோப்பை கழுவுகிறானா? கழுவினாலும் தொலைகிறான், ஸ்டியரிங் பிடிக்காமல் இருந்தால் சரி. டிரைவருக்குப் பெண் கொடுப்பதில்லை என்பது அவர் வைராக்கியம். பதினாலு வருஷம் லாரி ஓட்டியவர் அவர். அந்தப் பொழைப்பு எப்படியிருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல வரன் இரண்டைத் தட்டிவிட்டிருந்தார்.

சொந்தக்காரர்களுக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லி, கௌதமனின் புது போட்டோ ஒன்றை மகளிடம் வாங்கினார். அரைக்கைச் சட்டையோடு ஒரு வாய்க்கால் ஓரம் நின்றுகொண்டிருந்தான். முகத்தை யார் பார்த்தார்கள், அவர் கண் நேரே வலது கைக்குப் போயிற்று. டிரைவரை வலது கை காட்டிக்கொடுத்துவிடும். ஜன்னல் வெயிலில் அந்த ஒரு கை மட்டும் கருத்துக் கிடக்கும். கௌதமனின் வலது கை வெள்ளரிப்பிஞ்சு போல இருந்தது. அன்றைக்கு அவர் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

மறுநாள் ஆபீஸில் ஒருவன் செல்போனில் வெளிநாட்டு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். வேல்முருகன் எட்டிப் பார்த்தார். வண்டிக்குள் டிரைவர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தான். முப்பது வருஷம் லாரித் தொழிலில் கிடந்தும் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டு, போட்டோவை மறுபடியும் எடுத்துப் பெரிதாக்கினார். கௌதமனின் இடது கை, சட்டை முடிந்த இடத்திலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கருத்திருந்தது.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஜெயா, அவன் அங்க என்ன ஓட்டறான்?"

ஜெயப்பிரியா புத்தகத்தை மூடினாள். "பஸ்ஸுங்கப்பா. டவுன் பஸ். கம்பெனியில ஆள் கொறைச்சப்ப வேலை போயிருச்சு. அஞ்சு வருஷம் ஆனதால அங்கியே இருந்துக்கலாம்னு அனுமதி வாங்கிட்டாரு. அப்படி இருக்கறவங்க பொண்டாட்டிக்குத்தான் இந்தப் பரிச்சை."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு மாசமாச்சுங்க. பேசிப் பழகோணும்னு டச்சுல எதையோ சொல்லிட்டிருந்தவரு, நடுவுல இதையும் சொன்னாரு. தமிழ்ல சொல்லக் கூச்சமா இருந்துச்சாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

அடுப்படியிலிருந்து மனைவி ராமாயி வந்தாள்.

"நாந்தான் வேண்டாம்னேன். சொல்லியிருந்தா அன்னிக்கே நிச்சயத் தட்டத்தைத் திருப்பி அனுப்பியிருப்பீங்க."

"உனக்கும் தெரியுமா? டிரைவர் பொண்டாட்டி படற பாடு உனக்குத் தெரியாதா ராமாயி?"

"எனக்குத் தெரியாம? இவ பொறந்தப்ப நீங்க நாக்பூர்ல கிடந்தீங்க. பத்தொம்போதாம் நாள் வந்துதான் மூஞ்சியப் பாத்தீங்க. அதனாலதான் அந்தப் பையங்கிட்ட நானே கேட்டேன், எத்தனை நாளைக்கு ஒருக்கா ஊட்டுக்கு வருவீங்கனு. 'தினமும் வருவேனுங்க அத்தை'னு சொல்றான். அவன் ஓட்டறது டவுன் பஸ்ஸுங்க."

வேல்முருகன் நாற்காலியில் உட்கார்ந்தார். ஊரையே சந்தேகப்பட்டுத் திரிந்தவரை, மூன்று மாதமாக அவர் வீடே நம்பாமல் இருந்திருக்கிறது. கோபப்படத்தான் பார்த்தார். கோபம் வரவில்லை, அழுகை வந்தது. அதை மறைத்துக்கொண்டு, "கூப்புடு அவனை," என்றார்.

கல்யாணத்தை நிறுத்தப் போகிறார் என்றே ஜெயப்பிரியா நினைத்தாள். அழைத்துக் கொடுத்தாள்.

"ஏஞ்சாமி, ராத்திரி வண்டி போடுவாங்களா?" என்று கேட்டார் வேல்முருகன்.

"இல்லீங்க மாமா," என்றான் கௌதமன். "கல்யாணம் ஆகறவனுக்குக் காலை டூட்டிதானுங்க. தை மாசத்துல இருந்து எழுதிக் குடுத்துட்டாங்க."

"அந்த டூட்டிச் சீட்டை அனுப்பு."

உடனே வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவ்வளவும் டச்சு. ஒரு எழுத்து விளங்கவில்லை. ஆறுதரம் விசாரித்துப் பார்த்துத்தான் எதையும் நம்பும் மனிதர், செல்போனை மகளிடம் நீட்டினார்.

"நீயே படிச்சுச் சொல்லு சாமி. நீ சொன்னா நம்பிக்கறேன்."