இப்போது கதவை மூடலாம்

அப்பாவின் தலையை ஒரு முழங்கையில் தாங்கிக்கொண்டு, மறு கையால் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள் குட்ரூன். அவர் அவளுடைய தோளுக்கு மேலாக எதையோ பார்த்தபடி சொன்னார்.

“அலமாரிகிட்ட ஒருத்தன் நிக்கிறான்.”

குட்ரூன் திரும்பினாள். அலமாரிக் கதவில் ஞாயிற்றுக்கிழமைக்கான கறுப்புக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

“அது கோட்டுப்பா.”

“என் கோட்டு எனக்குத் தெரியாதா? கோட்டுக்கு இந்தப் பக்கம்.”

அவள் தலையை மெதுவாக இறக்கி வைத்தாள். வெளியே மார்ச் மாதக் காற்று வீட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. தீவுக்கும் அக்கரைக்கும் வண்டிகளை ஏற்றிச் செல்லும் ஃபெர்ரியில், அவற்றைக் கைகாட்டி நிறுத்துவதுதான் அவளுக்கு வேலை. காற்றினால் ஃபெர்ரியைக் காலையிலேயே நிறுத்திவிட்டார்கள். காற்று தணிந்ததும் கூப்பிடுவார்கள் என்று, பளபளக்கும் பட்டை தைத்த ஆரஞ்சு நிற ஜாக்கெட்டைக் கழற்றாமலேயே துறையிலிருந்து மேலேறி வந்திருந்தாள். நர்ஸ் நேற்றே சொல்லிவிட்டுப் போயிருந்தாள், இனி மருந்து வலிக்கு மட்டும்தான் என்று.

அப்பா ஓலாய் அப்படியொன்றும் பெரிய ஆள் இல்லை. ஹெர்ரிங் மீன் பிடித்தார், வலை பின்னினார், காபியில் நாலு சர்க்கரைக் கட்டி போட்டுக் குடித்தார். ஆனால் அந்தப் பக்கத்துத் தீவுகளில் யார் வீட்டு மாடிப்படியாவது காரணமில்லாமல் முனகினாலும், யார் மனைவியாவது சுவரோடு சண்டை போட ஆரம்பித்தாலும், பாதிரியாருக்கு முன்னால் ஓலாய்க்குத்தான் ஆள் வரும். அவர் குரல் அப்படி. கடலில் நின்று ‘ஏய்’ என்றால் அடுத்த தீவில் ரொட்டி சுட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் ‘என்ன’ என்று கேட்பார்கள். பெத்தானியா சபையில் அவர் போடும் ஆமெனுக்கு, எதிரே இருக்கும் அரசாங்கத் தேவாலயத்தின் மணி தானாக ஒருமுறை ஆடி அடங்கும். அப்படிப்பட்டவர், பிசாசோடு பேசப் போகும்போது மட்டும் அந்தக் குரலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். அதிகாரம் இருக்கிறவன் எதுக்குக் கத்தணும் என்பார்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. போன வீட்டில் முதல் வேலையாகச் சமையலறைக் கதவை விரியத் திறக்கச் சொல்வார். பனி கொட்டினாலும் சரிதான். “போகச் சொல்றோம், வழி விட வேண்டாமா?” பிறகு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தாழ்ந்த குரலில், இயேசுவின் நாமத்தில் வெளியே போ என்று ஒரே ஒரு தடவை சொல்வார். அதற்கப்புறம் பேச்சே இல்லை. அடுப்பு அணையும், வீட்டார் நடுங்குவார்கள், அவர் நிற்பார். பக்கத்து வீட்டுப் பால்மாவின் மாட்டுத் தொழுவத்துக்கு அவர் போயிருந்த ஒரு ஜனவரியில், பால்மாவின் புருஷனுடைய மீசை உறைந்துபோய், காபி குடிக்க அதைச் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்ததாம். ஆனால் மறுநாள் அந்த மாடு கறந்த பாலுக்கு மூன்று வீட்டு வாளி போதவில்லை. இதைப் பால்மாவே சொல்வாள். வருஷத்துக்கு ஒரு வாளி கூடும்.

எவ்வளவு நேரமானாலும் கடைசியில் அவர்தான் வாயைத் திறப்பார். “இப்ப கதவ மூடலாம். காபி வைம்மா.” அதைச் சொல்லும்வரை கதவில் யாரும் கை வைக்கக் கூடாது. சொல்லிவிட்டால் போயாயிற்று என்று அர்த்தம். வரி அதிகாரி வந்துவிட்டுப் போனாலும் தீவில் அதைத்தான் சொல்வார்கள்.

“என்ன சொல்றான்ப்பா?” என்று கேட்டாள் குட்ரூன். அவளுக்கு வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

“நான் செஞ்ச தப்பையெல்லாம் சொல்றான்.” ஓலாய் மூச்சுக்குக் காத்திருந்தார். “பொய்யும் சொல்லல. அதான் கஷ்டமா இருக்கு.”

“நீங்களே போகச் சொல்லுங்க.”

“சொல்லிப் பாத்தேன். மூச்சு பாதியில நிக்குது.”

அவள் ஹ்யால்மாருக்கு போன் செய்தாள். சபை மூப்பர். இன்னும் இரண்டு சகோதரர்களோடும், ஜெபித்துப் பூசுகிற எண்ணெய்ப் புட்டியோடும், அக்கரைத் துறையில் காருக்குள் உட்கார்ந்திருந்தார். அலை வந்து கார் கண்ணாடியில் அறைவது போனிலேயே கேட்டது.

“ஓலாய் அண்ணே, நாங்க இங்கதான் இருக்கோம். போன அவரு காதுகிட்ட வைம்மா, நான் சொல்றேன்.”

அவள் போனை நீட்டியதும் அப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். “லாரிய போன்ல நிறுத்த முடியுமாடா ஹ்யால்மார்?”

அது எந்தப் பிரசங்கம் என்று ஹ்யால்மாருக்குத் தெரியும். சபையில் எல்லாருக்கும் தெரியும். குட்ரூன் ஃபெர்ரியில் சேர்ந்த பிறகு ஓலாய்க்குப் புதிதாகக் கிடைத்த பிரசங்கம் அது. “என் பொண்ணப் பாருங்க. கொஞ்சம் பலமா காத்தடிச்சா டென்மார்க்குல போய் விழுவா. மீன் லாரி எம்மாம் பெரிசு! இவ ஒரு கையத் தூக்குறா, அப்படியே நிக்குது. இவ பலத்துலயா நிக்குது? அந்த ஜாக்கெட்டு. கம்பெனி குடுத்த ஜாக்கெட்டு. அது மாதிரிதான் நமக்கு அந்த நாமம்.” இதைச் சொல்லச் சொல்ல லாரி வளர்ந்துகொண்டே போய், கடைசியில் அது ஃபெர்ரியைவிடப் பெரிதாகிவிட்டது.

குட்ரூன் இதை அடுத்தவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறாள். அவள் சபைக்குப் போவதில்லை. பள்ளிக்கூடம் முடித்த வருஷம், ஜெபக் கூட்டத்தில் சுற்றிலும் எல்லாரும் அழுதுகொண்டும் கை உயர்த்திக்கொண்டும் இருக்க, அவளுக்குள் ஒன்றும் அசையவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், “எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா. கேட்ட மாதிரி நடிக்க வரல” என்றாள். அப்பா நெடுநேரம் நடந்துவிட்டுச் சொன்னார்: “நடிக்காத.” அதற்கப்புறம் அவளை ஒருநாளும் ஆமென் சொல்லச் சொன்னதில்லை. சாப்பாட்டு மேசையில் அவர் ஜெபித்து முடிக்கும்வரை அவள் கரண்டியைத் தொடமாட்டாள். இருவருக்கும் நடுவில் பொய் என்று ஒன்று வந்ததே இல்லை.

“குட்ரூன் இருக்கா” என்றார் அப்பா போனைப் பார்த்து. “அவ சொல்லட்டும்.”

ஹ்யால்மார் தொண்டையைச் செருமினார். “அண்ணே... அவ நல்ல பொண்ணுதான். ஆனா விசுவாசம் இல்லாம அந்தப் பேர எடுத்தா... ஏழு அண்ணன் தம்பிங்க கதைய நீங்கதானே சொல்லுவீங்க?”

அதுவும் ஓலாயின் பிரசங்கம்தான். அப்போஸ்தலர் காலத்தில் ஏழு சகோதரர்கள், தாங்கள் நம்பாத இயேசுவின் பேரை, பவுல் சொல்கிற இயேசு என்று இரவல் வாங்கி, பிசாசின் மேல் வீசிப் பார்த்தார்கள். அது, இயேசுவைத் தெரியும், பவுலையும் தெரியும், நீங்க யாரு என்று கேட்டுவிட்டு அவர்கள் மேல் பாய்ந்தது. உடம்பில் துணியில்லாமல், காயத்தோடு ஏழு பேரும் தெருவில் ஓடினார்கள். அப்பா சொல்கையில் அவர்கள் மீன் பீப்பாய்களைத் தாண்டி, ஏலக் கூடத்துக்கு நடுவே, ஒரு கையால் முன்னாலும் ஒரு கையால் பின்னாலும் மறைத்துக்கொண்டு ஓடுவார்கள். சபைப் பெண்கள் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வார்கள். சிரித்து முடித்ததும் சொல்வார்: “இரவல் விசுவாசம் கூடாது. கதவத் தொறக்குறதுக்கு முன்னாடி அத யோசிச்சுக்கணும்.”

“காத்து நின்னதும் வந்துடுறோம்” என்றார் ஹ்யால்மார். “அதுவரைக்கும் பாட்டாவது பாடும்மா.”

குட்ரூன் போனை மேசைமேல் வைத்தாள்.

அப்பாவின் கண்கள் மறுபடி அலமாரிப் பக்கம் போய்விட்டன. போர்வையைப் பற்றியிருந்த விரல்கள் இறுகின.

“நீ சொல்லு.”

“பொய் சொல்லச் சொல்றீங்களாப்பா?”

“இல்ல.” மூச்சு வந்தது. போயிற்று. அடுத்தது வர நேரமாயிற்று. “பயமா இருக்கு, குட்ரூன்.”

அந்த வார்த்தையை அவரிடமிருந்து அவள் கேட்டதே இல்லை. படகு பிளந்து கடலில் விழுந்து, மீட்கப்பட்டு வந்த அன்றுகூட, சர்க்கரை டப்பா மூழ்கிவிட்டதே என்றுதான் புலம்பினார். எத்தனையோ வீட்டு வாசலில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்தவர் பயம் போகும்வரை குளிரில் நின்ற மனிதர்.

அவள் எழுந்தாள். சமையலறைக்குப் போய்க் கதவை விரியத் திறந்தாள். காற்று உள்ளே பாய்ந்தது. செய்தித்தாள் பறந்து அடுப்பில் ஒட்டிக்கொண்டது. படுக்கையறையில் கறுப்புக் கோட்டு ஆடியது. திரும்பி வந்து ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, கட்டிலின் கால்மாட்டில், அலமாரியைப் பார்த்து நின்றாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் எதுவும் இல்லை. வெறும் சுவர்த்தாள், அதில் நீலப் பூ. படகுத்துறையில் தூக்குவது போல வலது உள்ளங்கையைத் தூக்கினாள். கையைத் தூக்கியதுவரைக்கும் அவளுடையதுதான், அதில் பொய் இல்லை.

“ஓலாய் நம்புற இயேசுவோட நாமத்துல சொல்றேன்” என்றாள், தாழ்ந்த குரலில். “வெளிய போ.”

வாயைவிட்டுப் போன பிறகுதான் உறைத்தது. இரவல். அந்த ஏழு பேரும் சொன்ன அதே மாதிரி. பவுல் இருந்த இடத்தில் ஓலாய். தீவில் எந்தக் குழந்தையும் செய்யாத தப்பு. அப்பா கண்ணெடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கிய கையை இறக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தது. அவருடைய உதடு அசைந்தது.

“என்னப்பா?”

“ஜாக்கெட்டு” என்றார். “இன்னும் உடம்புல இருக்கே.”

வாயின் ஒரு ஓரம் மேலே போயிருந்தது. குட்ரூனின் தொண்டையிலிருந்து சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. கையை இறக்காமலேயே தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அவர் அலமாரியைப் பார்த்தார். கரையில் நிற்கிறவன், முனையைத் தாண்டி மறையும்வரை ஒரு படகைப் பார்ப்பானே, அப்படி. அவர் பார்வை அங்கிருந்து மெல்ல நகர்ந்து, கட்டிலைச் சுற்றிவந்து, அறை வாசலைக் கடந்து, சமையலறைப் பக்கம் போயிற்று. அங்கே கொஞ்சம் நின்றது. போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

“இப்ப கதவ மூடலாம்” என்றார் ஓலாய். “காபி வைம்மா.”

கதவை மூடினாள். தண்ணீர் கொதிக்கும்வரை அடுப்படியில் நின்றாள். ஒரு கோப்பையில் நாலு கட்டி போட்டாள், மற்றதில் ஒன்றும் போடவில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்தபோது அவர் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், கோட்டைக் கோட்டாகப் பார்க்கிறவர் முகத்தோடு. மூச்சு இல்லை. அவள் கோப்பைகளை நாற்காலியில் வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இன்னும் சூடாக இருந்த அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பிற்பகலில் காற்று நின்றது. ஹ்யால்மாரும் மற்ற இருவரும் நனைந்த காலணிகளோடு வந்து, வாசலிலேயே அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். பக்கத்துக் கொல்லையில் பால்மா கம்பத்தில் கொடியை ஏற்றி, துக்கத்துக்கு அடையாளமாகப் பாதிக்கு இறக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். ஹ்யால்மார் கட்டிலருகே நின்று தலை குனிந்து ஜெபித்தார். பிறகு எண்ணெய்ப் புட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

“கடைசியில நீ ஏதாவது... பாடுனியாம்மா?”

“இல்ல. போகச் சொன்னேன்.”

“எப்படிச் சொன்ன?”

“அந்த ஏழு பேரு சொன்ன மாதிரிதான். அப்பா நம்புற இயேசுன்னு.”

ஹ்யால்மாரின் முகத்தில் இரத்தம் வற்றியது. மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

“அதுக்கப்புறம்?”

“கதவ மூடச் சொன்னாரு” என்றாள் குட்ரூன். “காபி கேட்டாரு.”

ஹ்யால்மார் புட்டியைத் திறக்காமலேயே தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். நாற்காலியில் இருந்த இரண்டு கோப்பைகளையும் எடுத்து ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். பிறகு ஒன்றை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

“ஆறிப்போயிருக்கும், வேற போடுறேன்.”

“வேண்டாம்மா.” இன்னொரு வாய் குடித்தார். “நாலு கட்டியா?”

“நாலு.”

அடக்கம் அக்கரையில். அன்றைக்குக் கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. லீவு எடுத்துக்கொள்ளச் சொன்ன கேப்டனிடம், இந்த ஒரு நடை மட்டும் நானே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு, குட்ரூன் ஃபெர்ரியின் முன்பக்கம் போய் நின்றாள். கறுப்புச் சவ வண்டி சரிவில் இறங்கி, இரும்புத் தட்டில் தடதடத்து ஏறி, அவளை நோக்கி நேராக வந்தது. பின்னால் மீன் லாரி.

அவள் கையைத் தூக்கினாள். வண்டி மஞ்சள் கோட்டில் வந்து நின்றது. டிரைவர் எஞ்சினை அணைத்தான். அணைத்த பிறகும் கை மேலேயே இருந்தது. லாரிக்காரன் பாதிச் சரிவில் காத்திருந்தான். ஹாரன் அடிக்கவில்லை.