ஷிப்ட் பார்த்து வரும் தற்செயல்

1

“ஒரு ஊருக்கே ஒரே ஒரு பஞ்சர் கடைதான் இருக்குமா?”

“இருக்கலாம்ல.”

“கொலைகாரன் வண்டியும் அங்கதான் பஞ்சர், இன்ஸ்பெக்டர் வண்டியும் அங்கதான் பஞ்சர், ரெண்டு பேரு செல்லும் அங்கதான் மாறிப்போவுது. அப்புறம் அவனே வந்து இன்ஸ்பெக்டர் வீட்டு மாடிக்குக் குடி வர்றான். காசு குடுத்து உக்காந்துக்கிறவங்களப் பாத்தா எப்படிங்க தெரியுது?”

“படத்த நானா எடுத்தேன்? என்கிட்ட கத்தறே.”

“நீங்கதான இட்டாந்தீங்க.”

ஓசூர் தியேட்டர் ஒன்றின் இடைவேளையில், பாப்கார்ன் வரிசையில் நடந்த இந்தச் சண்டையிலிருந்துதான் கதை கிடைத்தது. ‘தற்செயலாக நான் அவர்களுக்குப் பின்னால் நின்றிருந்தேன்’ என்று முதலில் எழுதினேன். தற்செயலைக் குறை சொல்லும் கதைக்கே அப்படியொரு தொடக்கமா என்று அடித்துவிட்டேன். எங்கள் வரிசை வீட்டுப் பெண் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு ஒருவன் வண்டியில் ஏறிப் போனால், எனக்கும் படம் பார்க்கத் தோன்றும். அவ்வளவுதான்.

கத்தியவள் சுசித்ரா, சிப்காட்டில் செல்போன் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. ஷிப்ட் வாரா வாரம் மாறும். கத்து வாங்கியவன் மாதேஷ், ஜவளகிரிப் பக்கத்தில் கேழ்வரகு விதைக்கும் குடும்பம். கியர் கம்பெனியில் ஜெனரல் ஷிப்ட். அடுத்த வாரம் இருவருக்கும் தட்டு மாற்றுவதாக இருந்தது.

இனி நான் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன். கதை சுசித்ராவோடு போகட்டும்.

2

இவர்கள் சந்தித்ததை எப்படித் தொடங்குவது?

‘விதி அவர்களை ஓசூர் பஸ் ஸ்டாண்டில்...’ வேண்டாம். விதி என்று எழுதினால் பின்னணியில் புல்லாங்குழல் கேட்கிறது.

‘அவன் கண்களும் அவள் கண்களும்...’ இதுவும் வேண்டாம். அன்று அவள் டிபன் பாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மாதேஷே சொல்லட்டும். பாப்கார்னைக் கையில் வாங்கியதும் அவன் தன் வாதத்தை எடுத்து வைத்தான்.

“நாம மட்டும் எப்படிப் பாத்துக்கிட்டோம்? பஸ் ஸ்டாண்டுல ஒருக்கா. மலைக்கோயில் படியில ஒருக்கா. ராயக்கோட்ட ரோட்டு ஜூஸ் கடையில ஒருக்கா. எல்லாம் தானா நடந்ததுதான? இதப் படமா எடுத்தா நம்பமாட்டியா?”

படத்தைக் காப்பாற்றப் போய்த் தன்னை மாட்டிக்கொண்டான் மனிதன். இரண்டாம் பாதி முழுக்கத் திரையில் ஆட்கள் ஓடினார்கள், சுட்டார்கள். சுசித்ரா மனதுக்குள் அந்த ஜூஸ் கடையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

3

பெண் பார்க்க ஆள் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவள் அவள். மாதேஷுக்குச் சம்மதம் சொன்னதற்கு ஒரே காரணம்தான்: இவனை யாரும் கொண்டுவந்து நிறுத்தவில்லை, வழியில் தானாகக் கிடைத்தான். இவன் என் ஆள், நான் கண்டெடுத்த ஆள் என்று நம்பினாள். அந்த நம்பிக்கை போனால் தட்டு மாற்ற என்ன இருக்கிறது?

ஜூஸ் கடைச் சந்திப்பு நடந்த அன்று அவளுக்கு நைட் ஷிப்ட் இருந்திருக்க வேண்டும். கூட வேலை செய்யும் ரஞ்சிதா தன் நிச்சயதார்த்தத்துக்காகச் சொந்த ஊரான கல்லாவிக்குப் போனதால், அவளுடைய காலை ஷிப்ட்டைக் கடைசி நேரத்தில் இவள் வாங்கிக்கொண்டாள். கம்பெனி போர்டில்கூட மாற்றவில்லை. வீட்டில் சொன்னாள், கிளம்பினாள். மதியம் வெளியே வந்தால், அந்நேரம் வேலையில் இருக்க வேண்டிய ஜெனரல் ஷிப்ட்காரன் மாதேஷ் ஜூஸ் கடை வாசலில் நிற்கிறான்.

(ஓசூரில் யார் எப்போது எங்கே இருப்பார்கள் என்று சொல்ல ஜோசியர் தேவையில்லை, ஷிப்ட் தெரிந்தால் போதும். அந்தப் படத்தின் கதாசிரியருக்கு இது தெரிந்திருந்தால் பஞ்சர் கடை மிச்சமாகியிருக்கும்.)

கம்பெனிக்குத் தெரியாது. ரஞ்சிதா ஊரிலேயே இல்லை. மீதி இருப்பது ஒரே ஆள்.

4

அந்த ஆள், அதாவது சுசித்ராவின் அம்மா வெங்கடம்மாள், குழம்புக்கு ஊறவைத்த அவரைக் கொட்டையைத் தோல் நீங்கப் பிதுக்கிக்கொண்டிருந்தார். (அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். அதுவும் ஒற்றைக்கல் சுவர்.)

“அவருக்கு என் ஷிப்ட்டச் சொன்னது நீயாம்மா?”

நான் ஒரு மறுப்பை எதிர்பார்த்தேன். அழுகைக்குக்கூட இடம் விட்டு வைத்திருந்தேன். வெங்கடம்மாள் பிதுக்குவதை நிறுத்தவேயில்லை.

“ஆமா, சொன்னேன். அவங்கம்மா முனிலட்சுமி உழவர் சந்தையில எனக்குக் காய் போடறவ. நல்ல குடும்பம். வீட்டுக்கு வரச் சொன்னா நீ ரூமுல தாப்பாப் போட்டுக்கிறே. ரோட்டுல எங்க போடுவே தாப்பா?”

“அப்ப அவர நான் புடிக்கல. நீ புடிச்சி என் வழியில உட்டிருக்கறே.”

“வழியில உட்டதுதான் நானு. பேசுனது நீ, சிரிச்சது நீ. ஜூஸு இன்னொரு கிளாஸ் சொல்லுங்கன்னதும் நீதான். அதெல்லாம் நானா சொல்லிக் குடுத்தேன்?”

“இன்னொரு கிளாஸ் சொன்னது உனக்கெப்படித் தெரியும்?”

வெங்கடம்மாளின் விரல்கள் அப்போதுதான் நின்றன.

5

மறுநாள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு மாதேஷை அவளே வரச்சொன்னாள்.

“ஒவ்வொரு தடவையும் போயி எங்கம்மாகிட்ட ரிப்போர்ட்டு குடுத்தியா?”

‘நீங்க’ ‘நீ’யானதை அவன் கவனித்தான். நானும்தான்.

“கேட்டாங்க, சொன்னேன். தானா வந்ததுதான் பொய்யி சுசி, ஆச பொய்யில்ல. மொத தடவ உங்கம்மா அனுப்பித்தான் வந்தேன். ரெண்டாவது தடவ நானாப் போயி அவங்ககிட்ட உன் ஷிப்ட்டக் கேட்டேன்.”

“படத்துல அவன் கொலைகாரன்னு அந்த லேடி இன்ஸ்பெக்டருக்கு எப்பத் தெரியுது? எங்க போனாலும் எதுக்க வர்றானேன்னு நெனைக்கறப்பதான்.”

“நான் கொலைகாரனா?”

“தெரியல. அதான் எனக்குப் பயம். தட்டு மாத்த வேணாம். நான் எங்க போறேன், எந்த ஷிப்ட்டு, எதுவும் இனிமே எங்கம்மாவுக்கும் தெரியாது. தேடாத. யாரையும் கேக்காத. அப்படியும் ஒருநாள் நீ எதுக்க வந்தா, அன்னிக்கிப் பேசலாம்.”

“ஆய்த்து, பிடு,” என்றான் மாதேஷ். மனம் கனத்தால் அவனுக்கு வீட்டுக் கன்னடம்தான் வரும். சரி, விடு என்று சொன்னானே தவிர, பஸ் திரும்பும்வரை நின்றுகொண்டே இருந்தான்.

6

முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: மனம் இளகி, மண்டபம், தாலி, பிதுக்குப் பருப்புக் குழம்போடு பந்தி. எழுதும்போதே எனக்குப் பசித்தது, சுசித்ரா மட்டும் பந்தியில் உட்கார மறுத்துவிட்டாள்.

இன்னொன்று: மாதேஷ் உண்மையிலேயே... இல்லை. பக்கத்து வீட்டுக்கு வந்துபோகையில், எனக்கு உடல்நலமில்லாதபோது மாத்திரை வாங்கிவந்து தந்த பையன் அவன். அவனைக் கொலைகாரனாக்க மனம் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ரஞ்சிதா கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டாள். வெங்கடம்மாள் முனிலட்சுமியிடம் காய் வாங்குவதை நிறுத்தவில்லை, பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். சுசித்ரா கர்நாடக எல்லை தாண்டி, அத்திப்பள்ளிக்கு அப்பால் வேறு கம்பெனிக்கு மாறி அங்கேயே ஹாஸ்டலில் இருக்கிறாள். அவள் போன சில மாதங்களில் மாதேஷின் கம்பெனி புது யூனிட் திறந்து அவனையும் அந்தப் பக்கமே அனுப்பியது. அவன் கேட்டு வாங்கவில்லை. விசாரித்துவிட்டேன்.

இருவர் இருக்கும் தெருவும் எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்காதீர்கள். தெருப் பெயர்களை இங்கே எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன், மறுபடியும் அடித்தேன். அடுத்தடுத்த தெரு. ஒரு கதாசிரியர் இப்படி எழுதியிருந்தால் இடைவேளையில் நானே கத்தியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறந்தால் இது தற்செயல் ஆகாது, வெங்கடம்மாள் செய்த வேலைதான் ஆகும். என் ஆயுளில் இவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் அடக்கி வைத்ததில்லை. முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் போனால், யாரிடமும் எதுவும் கேட்காமல், கடைவாசல்களைச் சும்மா பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.

நேற்றுவரை கிடைத்த தகவல்: இருவருக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை.