ஆயாம்மாவின் ஒத்திகை

பள்ளி திறக்கும் நாளில் பிள்ளைகள் எப்படி அழுவார்கள், எப்போது நிறுத்துவார்கள் என்பது டோரதிக்குத் தெரிந்த அளவு அந்தப் பள்ளியில் வேறு யாருக்கும் தெரியாது. ஏழு வருடமாக அங்கே ஆயா. கேட்டருகே நின்று தாய்மார்களின் இடுப்பிலிருந்து பிள்ளைகளைப் பிரித்தெடுப்பது அவள் வேலை.

"அஞ்சு நிமிஷத்துல வந்துடுறேன்னு மட்டும் சொல்லாதீங்கம்மா," என்பாள். பிள்ளைக்கு நிமிடம் தெரியாது, மணிச்சத்தம்தான் தெரியும். "மொத பெல்லுக்கு பிஸ்கட், ரெண்டாவது பெல்லுக்கு சாப்பாடு, மூணாவது பெல் அடிச்சதும் அம்மா வருவேன்னு சொல்லுங்க. சொல்லிட்டு திரும்பிப் பாக்காம போங்க." முதுகு மறைந்துவிட்டால் அழுகை பத்து நிமிடத்துக்கு மேல் நீடிக்காது. அழுகைக்கும் எதிரே ஒரு ஆள் வேண்டும்.

தன் மகள் ஆஞ்சலா விஷயத்திலும் அவள் குறை வைக்கவில்லை. இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு. நீலசந்திராவில் அவர்களுடைய ஒற்றை அறை வீட்டில் மே மாதக் கடைசி வாரம் முழுக்க ஒத்திகை நடந்தது. தினம் கால் மணி நேரம் முன்னதாகப் படுக்கை. இரண்டு மாதம் வெறுங்காலோடு ஓடிய பாதத்தை ஷூ கடிக்கும். அதனால் தினமும் அரை மணி நேரம் ஷூவும் சாக்ஸும். பன்னிரண்டரைக்கு டிபன் பாக்ஸின் இறுக்கமான மூடியைத் தானே திறந்து சாப்பிட வேண்டும்.

கடைசியாக இன்னொன்றையும் சேர்த்தாள். போன வருடம் இதே பள்ளியில் யு.கே.ஜி. படித்தபோது ஆஞ்சலா வகுப்பை விட்டு "அம்மா" என்று ஓடி வந்து அவள் புடவையைப் பிடித்துக்கொள்வாள். ஆயா தன் பிள்ளையை மட்டும் கவனிக்கிறாள் என்று யாரோ புகார் எழுதினார்கள். "உங்க பொண்ணுக்கு இது ஃப்ரீ சீட்டு, டோரதி," என்றார் தலைமை சிஸ்டர். "இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

ஆகவே வீட்டு வாசற்படியே பள்ளியின் கேட் ஆனது. படிக்கு வெளியே அம்மா. தாண்டி உள்ளே வந்தால் ஆயாம்மா என்றுதான் கூப்பிட வேண்டும். தப்பாகச் சொன்னால் மறுபடி வெளியே போய்விட்டு வர வேண்டும். மூன்றாம் நாளே தப்பு நின்றுவிட்டது.

"எப்படிப் புடிச்சுக்கிட்டா பாத்தியா!" என்று கணவன் மதலைமுத்துவிடம் பெருமைப்பட்டாள்.

"மொதல்ல புள்ள மூஞ்சியப் பாரு," என்றான் அவன்.

பள்ளி திறந்த அன்று ஆஞ்சலா அழவே இல்லை. "என்னக்கா, ஊர்ப் புள்ளைங்க எல்லாம் ஊளையிடுது, உன் பொண்ணு இன்ஸ்பெக்டர் கணக்கா போறா!" என்றார் வாட்ச்மேன் ஹெர்பர்ட். டோரதி சிரித்துக்கொண்டாள்.

சாப்பாட்டு மணிக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆள் வந்தது. ஒரு பிள்ளை உட்கார்ந்த இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டதாம். வாளியும் துணியுமாகப் போனால், பெஞ்சில் ஆஞ்சலா. காலையிலிருந்து அடக்கியிருக்கிறாள். "ஆயாம்மாவைக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன், வேணாம்னு தலையாட்டிட்டா," என்றாள் மிஸ்.

டோரதி மகளைப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்தித் தண்ணீர் ஊற்றினாள்.

"சாரி, ஆயாம்மா. கம்ப்ளெய்ன்ட் வந்துடுமா?"

"இங்க யாரும் இல்லடி கண்ணு. அம்மான்னு சொல்லு."

"கேட்டுக்கு உள்ளதானே இருக்கோம்?"

சாயங்காலம் கேட்டைத் தாண்டியதும் டோரதி காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் ஆஞ்சலா அவளை அம்மா என்றும் கூப்பிடவில்லை, ஆயாம்மா என்றும் கூப்பிடவில்லை. வீட்டுப் படியேறி, பையை இறக்கிவிட்டுச் சொன்னாள்: "ஆயாம்மா, தண்ணி."

"வீட்டுல எதுக்குடி அப்படிக் கூப்புடுற?"

"படிக்கு உள்ள வந்துட்டோம்ல."

அந்த முகத்தில் குறும்பு இல்லை. நிறைந்த டம்ளரோடு டோரதி நின்றாள். விளையாட்டைத் தொடங்க மட்டும் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். முடிந்துவிட்டது என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

மறுநாள் காலை சிஸ்டரே கேட்டில் நின்றிருந்தார். டோரதி கேட்டுக்கு உள்ளே போய், மகளை எதிரே நிறுத்தி, அத்தனை தாய்மார்களுக்கு நடுவே மண்டியிட்டாள். "மொத பெல்லுக்கு பிஸ்கட். ரெண்டாவது பெல்லுக்கு சாப்பாடு. மூணாவது பெல் அடிச்சதும் அம்மா வருவேன்."

சிஸ்டர் திரும்பினார். ஆஞ்சலா முதலில் அவரைப் பார்த்தாள், பிறகுதான் தாயை.

"நீ வருவியா, ஆயாம்மா வருவாங்களா?"

"நான்தான் வருவேன். கேட்டுக்கு உள்ளயும் நான் அம்மாதான். வெளையாட்டு முடிஞ்சுபோச்சு."

ஆஞ்சலா பையை மாட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

மற்றத் தாய்மார்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விடலாம். டோரதிக்குப் போக இடம் இல்லை.

"டோரதி," என்றார் சிஸ்டர், "பெல் அடிச்சதும் ஆபீசுக்கு வாங்க."

"சரி, சிஸ்டர்." அதற்குள் யாரோ ஒரு பிள்ளையை அவள் கையில் திணித்துவிட்டார்கள். அது உதைத்துக்கொண்டு அலறியது. அதன் தலைக்கு மேலே அவள் மாடிப்படியைப் பார்த்தாள். பாதிப் படியில் ஆஞ்சலா நின்று, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.