ஹிட்

"பிகாஸ்" என்று சொன்ன சௌந்தர்யா அடுத்த சொல்லைத் தேடி ஒரு நொடி நின்றாள். புருஷன் மோகன்குமாரின் வலது கை வந்து அவள் கன்னத்தில் இறங்கியது. அவள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. இடது கையில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த கைப்பேசியை அவன் ஆடவே விடவில்லை. அந்த விஷயத்தில் கெட்டிக்காரன்.

"நின்னா அடி உழுகும்னு சொன்னனா, இல்லியா? அழிச்சுட்டேன். மறுக்கா மொதல்லருந்து பேசு."

"சரிங்க."

"இந்தச் சரிங்கதான் உன்ற கேடு. பரீட்சையிலயும் இதத்தான சொல்லிட்டு வந்த?"

அது உண்மைதான். போன முறை, வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான ஆங்கிலத் தேர்வில் எழுத்து, வாசிப்பு எல்லாவற்றிலும் தேறியவள் பேச்சில் கோட்டை விட்டிருந்தாள். உங்கள் ஊர் உங்களுக்குப் பிடிக்குமா? "எஸ்ஸுங்க." வீட்டில் சமைப்பது யார்? "நானுங்க" என்று தமிழே வந்துவிட்டது. எதிரே இருந்தவர் மேலும் ஏதாவது வருமா என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து பார்த்தார். வரவில்லை. ஏழு வேண்டிய இடத்தில் ஐந்தரை வந்தது. திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே வாயால் மேய்க்கிற நர்ஸ் அவள். ஆனால் எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்டால் மட்டும் நாக்கு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும்.

அதைப் படுக்க வைத்தவனே மோகன்குமார்தான். கல்யாணமான புதிதில் ஒரு விருந்துக்குப் போயிருந்தார்கள். அவனுடைய பெரியப்பா, "இன்னிக்கு இருந்துட்டுப் போறது, சாமி" என்றார். "இல்ல, நாளைக்குக் காலைல எனக்கு டூட்டி" என்றாள் சௌந்தர்யா. தப்புத்தான், ஒரு 'ங்க' விட்டுப்போயிற்று. திரும்பி வரும்போது காருக்குள்ளேயே உதடு கிழிந்தது. பெரியவரிடம் மரியாதை இல்லாமல் பேசியதற்கு ஒன்று, கேட்காமலே காரணம் சொன்னதற்கு இன்னொன்று என்று அவன் விளக்கமும் கொடுத்தான். அதன் பிறகு அவள் பதில்களை எல்லாம் குட்டையாக்கி, மேலே ஒரு 'ங்க' போட்டு மூடப் பழகிக்கொண்டாள். மூன்றாம் மாதக் கரு கலைந்தபோது, அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே, அவளோடு நின்று வேலை பார்க்கும் டாக்டரம்மா என்ன ஆயிற்று என்று கேட்டார். "வழுக்கிட்டனுங்க" என்றாள்.

இப்போது ஆன்லைனில் பயிற்சி கொடுக்கிற தனப்பிரியா, "பதில் சொல்லுங்கக்கா, உடனே ஒரு காரணம் சொல்லுங்க, அப்புறம் ஒரு உதாரணம் சொல்லுங்க. வெள்ளைக்காரனுக்கு 'ங்க' போட வேண்டாம், கோவிச்சுக்க மாட்டான்" என்று சிரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்ட மோகன்குமார், பயிற்சியைத் தானே கையில் எடுத்துக்கொண்டான். அடித்து உள்ளே தள்ளியதை அடித்தே வெளியே எடுத்துவிடலாம் என்பது அவன் கணக்கு. அவனுக்கும் அவசரம். ரிக் வண்டியோடு ஆந்திரா, கர்நாடகா என்று போர்வெல் போட்டுக்கொண்டு திரிந்தவனுக்குத் தொழில் படுத்துவிட்டது. பெண்டாட்டி நர்ஸாக லண்டன் போனால் கூடவே புருஷனும் போகலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

புருஷனைக் கூட்டிப் போகாமலும் போகலாம் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சௌந்தர்யாவுக்கு அது தெரியும். ஏழு வந்தால் அவள் தனியாகப் போவாள். வராவிட்டால் இந்த வீடுதான், இந்தக் கைதான். இதை அவள் பெற்ற தாயிடம்கூடச் சொல்லவில்லை.

குடும்பத்தில் கடினமாக உழைக்கும் ஒருவரைப் பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். தலைப்பைத் தேர்ந்தெடுத்தவன் அவனேதான். அவள் மறுபடி ஆரம்பித்தாள். மை ஹஸ்பண்ட் இஸ் எ வெரி ஹார்ட் வொர்க்கிங் மேன். அவன் காலையில் எழுகிறான், ரிக் வண்டியைப் பார்க்கிறான், எல்லோருக்கும் உதவுகிறான். அரை நிமிடத்தில் பொய் தீர்ந்துபோனது. கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவன் கை மெல்ல மேலே எழுவதைப் பார்த்ததும் வாயில் வந்ததைப் பேசினாள். வாயில் வந்தது உண்மை.

ஹி ஹிட்ஸ் மி, என்றாள். குழம்பில் உப்புக் குறைந்தால் அடிப்பான், ஏனென்றால் அவனுக்கு அடிப்பது பிடிக்கும். உதாரணமாக, போன வருஷம் வயிற்றில் உதைத்தான், என் குழந்தை போய்விட்டது. தொழிலில் பிரஷர் என்று சொல்லிக்கொண்டு பெல்ட்டை எடுப்பான். அவன் கை ரிக் வண்டியின் ஹேமர் மாதிரி விழும், பாறை என்றும் பார்க்காது, மண் என்றும் பார்க்காது. ஆங்கிலத்தில் அவனுக்கு 'ஹி' போதுமானதாக இருந்தது. அவர் என்று தூக்கி வைக்கவும் வேண்டாம், அவன் என்று பயந்து பயந்து இறக்கவும் வேண்டாம். மூச்சு வாங்காமல் பேசினாள். பேசப் பேச உடம்பு லேசாகிக்கொண்டே வந்தது. ஒருவேளை புரிந்துவிட்டால் கொன்றே போடுவான் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினாலும் அடிதானே.

மோகன்குமாரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் அவன். ஹஸ்பண்ட் புரிந்தது. பிரஷர், பெல்ட், ஹேமர் எல்லாம் ரிக் வண்டியில் தினமும் புழங்கும் சொற்கள். ஹிட் என்றால் அவனுக்கு ஒரே அர்த்தம்தான். படம் ஹிட், பாட்டு ஹிட்.

"அப்படிப் போடு!" என்று தொடையில் தட்டினான். "ஹிட்டு ஹிட்டுன்னு எத்தன வாட்டி சொல்ற! தொழிலப் பத்தியெல்லாம் இப்படிப் பேசுவீன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. நாளைக்குப் பரீட்சையிலயும் இதையே பேசு."

"சரிங்க" என்றாள். அன்று இரவு அவன் அடிக்கவில்லை.

மறுநாள் காலை சேலத்துக்குக் காரில் போனார்கள். புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலின் மாடியில் தேர்வு. எதிர்ச்சாரியில் காரை நிறுத்திவிட்டு அவன் கைப்பேசியை எடுத்தான்.

"நேத்துப் பேசுனதக் குரூப்புல போட்டுட்டேன். ரிக்குக்காரனுங்க எல்லாம் பாக்கட்டும், என்ற பொண்டாட்டி இங்கிலீஷ." பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் சித்தப்பா மகன் பெயரையும் சொன்னான். "கௌசிக்குக்கும் தனியா அனுப்பியிருக்கேன். அவன் கேட்டுட்டு எத்தன மார்க்குன்னு சொல்லுவான்."

இறங்கிய சௌந்தர்யா கார்க் கதவின் பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். கௌசிக் கேட்பான். கேட்டதும் இவனைப் போனில் கூப்பிடுவான். ஒரு நிமிடத்திலும் கூப்பிடலாம், ஒரு மணி நேரத்திலும் கூப்பிடலாம்.

"என்னத்துக்கு நிக்கற? போ."

"போயிட்டு வாரேனுங்க."

மேலே கைப்பேசியை வாங்கி வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டோடு உள்ளே விட்டார்கள். தேர்வாளர் நடுவயதுப் பெண். உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். சௌந்தர்யா சொன்னாள். சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, அது ஏன் அவளுக்குப் பிடிக்கும், அதன் வழியாகப் போன வாரம் என்ன பார்த்தாள் என்று சொல்லிக்கொண்டே போனாள். கீழே இருப்பவனைவிட இந்த அறையில் பயப்பட எதுவுமில்லை. போவதற்கு விரும்பும் ஓர் இடத்தைப் பற்றிக் கேட்டபோது, தேர்வாளர் இரண்டு முறை தேங்க்யூ சொல்லித்தான் அவளை நிறுத்த முடிந்தது.

லிஃப்டில் இறங்கி வரவேற்பறைக்கு வந்தாள். வாசலில் கண்ணாடிக் கதவு. அதைத் திறந்துவிட நீல உடுப்பில் ஒரு காவல்காரப் பெண் நின்றிருந்தாள். கண்ணாடி வழியே எதிர்ச்சாரியில் கார் தெரிந்தது. அதன்மேல் சாய்ந்து மோகன்குமார் கைப்பேசியைக் காதில் வைத்திருந்தான். அவன் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தான். பிறகு கைப்பேசியை மெதுவாக இறக்கி, ஹோட்டல் வாசலைப் பார்த்தான். ஒரு டவுன் பஸ் குறுக்கே போனது. அது போன பிறகு பார்த்தால் அவன் பாதிச் சாலையைக் கடந்திருந்தான்.

காவல்காரப் பெண் கதவின் பிடியில் கை வைத்தாள். "வெளிய போறீங்களாம்மா?"

"இல்லீங்க" என்றாள் சௌந்தர்யா.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் பிடியிலிருந்து கையை எடுத்தாள். பதில் அதோடு முடிந்தது என்று நினைத்தாள் போலிருக்கிறது.

"இல்லீங்க, நான் வெளிய போகமாட்டேன். ஏன்னா, அங்க வாராரு பாருங்க, அவரு என்ற ஊட்டுக்காரரு. என்னையக் கொல்றதுக்கு வாராரு. நான் சும்மா சொல்லலீங்க, இந்தக் கன்னத்தப் பாருங்க, இது நேத்து அறைஞ்சது. போன வருசம் வயித்துல ஒதச்சு என்ற கொழந்த போயிருச்சு. வழுக்கி உழுந்தேன்னு அன்னிக்குப் பொய் சொன்னனுங்க. நான் வழுக்கல. அவருதான் ஒதச்சாரு."

காவல்காரப் பெண் அவள் கன்னத்தைப் பார்த்தாள். படியேறி வருபவனைப் பார்த்தாள். பிறகு சட்டென்று குனிந்து, கதவின் அடியில் இருந்த தாழைத் தேடினாள். பகலில் அதை யாரும் போடுவதில்லை போலிருக்கிறது, இறுகிப் போயிருந்தது. ஷூ முனையால் ஓங்கி மிதித்ததும் அது தரைக்குள் இறங்கியது. கண்ணாடியின் மறுபக்கம் மோகன்குமாரின் உள்ளங்கை வந்து அப்பியது, அழுத்தத்தில் ஐந்து விரல்களும் வெளுத்துத் தெரிந்தன. சௌந்தர்யா அந்தக் கையையே பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தாள்.