எரியாத மூலை

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் நடுவே ஐந்து ஏக்கர் பழைய புல்வெளி. கல்லறைத் தோட்டம் என்பதால் மட்டும் கலப்பை படாமல் தப்பியது. அங்கே பத்தொன்பது வருஷமாகப் பூச்சி எண்ணுகிறவள், பூச்சியியலில் டாக்டர் பட்டம் வாங்கிய லோர்னா வெடர். மனிதர்களை அவள் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

அதிலும் டேல் ஹஃபேக்கரை. களையும் மரமும் மண்டிவிடாமல் இருக்கப் புல்வெளிக்கு அவ்வப்போது தீ வைக்கும் குழுவுக்கு அவன்தான் தலைவன். பாதியை எரி, பாதியை விடு என்று அவள் தொண்டை கிழியக் கத்தியும், போன வருஷம் மார்ச்சில் அத்தனையையும் ஒரே மதியத்தில் கரியாக்கிவிட்டு, ஒரு துரும்பு மிச்சமில்லை என்று மார்தட்டிக்கொண்டான்.

அந்தக் கரியில் அவளுடைய செவ்வால் தத்துப்பூச்சியும் போயிற்று. அரிசியைவிடச் சிறிய பிராணி, பறக்கத் தெரியாது, புல் தண்டுக்குள் முட்டை வைத்துக் குளிரைக் கடக்கும். போன ஜூலையில் ஒன்றுகூட அகப்படவில்லை. இந்த ஜூலையிலும் இல்லையென்றால், இந்த நிலத்தின் பட்டியலிலிருந்து அதன் பெயரை அவளே தன் கையால் அடிக்க வேண்டும்.

வலையோடு இறங்கியவளை டேல் வழிமறித்தான்.

"பாத்தியா லோர்னா? வெட்டுக்கிளி, தேனீ, பட்டாம்பூச்சி, எல்லாம் திரும்பி வந்தாச்சு. நீதான் ஊரக் கூட்டி ஒப்பாரி வெச்சே."

"றெக்கை இருக்கறது எங்கேருந்து வேணா வரும். என்னோடது நடந்துதான் வரணும். எங்கேருந்து நடக்கும்? ஒரு புல் கொத்தாவது மிச்சம் வெச்சியா நீ?"

"ஒண்ணுகூட இல்ல!" என்றான் டேல், பாராட்டு என்று நினைத்துக்கொண்டு.

இவனிடம் பேசுவதைவிட வேலிக் கம்பத்திடம் பேசலாம் என்று நடந்தாள். நண்பகல்வரை வீசியும் வலை காலி. கிழக்கு மூலைக் கல்லறையில் எந்த மடையனோ செருகி வைக்கும் ஊதா பிளாஸ்டிக் பூக்கள் அன்றும் இருந்தன. புல்வெளியில் பிளாஸ்டிக்! பத்து வருஷமாகப் பிடுங்கி எறிகிறாள், பத்து வருஷமாக மறுபடி வந்து நிற்கிறது. பிடுங்கிப் பைக்குள் திணித்தபோது, சட்டைக் கையில் என்னவோ தத்தி உட்கார்ந்தது. வால் சிவப்பு.

மண்டியிட்டுப் பார்த்தாள். புல் கொத்துகளின் அடியில் பழைய சருகு அப்படியே இருந்தது. தீ இங்கே வரவே இல்லை. பதினொரு பூச்சிகள். எரிந்த பக்கத்தில் அடுத்த கொத்தில் இரண்டு, அதற்கடுத்ததில் ஒன்று. நடக்க ஆரம்பித்துவிட்டிருந்தன! அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

கிழக்கு மூலை வேலியோரத்தை எரிப்பது மெர்ல் ஸ்டக்கியின் பொறுப்பு. சோம்பேறிக் கிழவன் என்று அவள் அறிக்கையிலேயே எழுதிய தொண்டர். அவர் தன் வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்து செர்ரி கேக் தின்றுகொண்டிருந்தார்.

"மெர்ல், அந்த மூலைய எரிக்காம விட்டீங்களா?"

"டேல்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டரம்மா. சுத்தித் தண்ணி தெளிச்சு வெச்சேன். பூ உருகிடும்ல?"

"எந்தப் பூ?" பை தானாக அவள் முதுகுக்குப் பின்னே போயிற்று.

"உங்க பையில இருக்கே, அது."

லோர்னா பையை முன்னே எடுத்தாள். "தெரியுமா உங்களுக்கு?"

"பத்து வருஷமாத் தெரியும். ஒரு புல்லக்கூட மிதிக்காம வந்து திருடற ஆளு இந்தப் பக்கத்துல வேற யாரு?" மீசையில் ஒட்டிய துணுக்கைத் துடைத்துக்கொண்டார். "பூ போனாப் போகுது. முந்நூறு பூச்சிக்கு லத்தீன்ல பேர் சொல்லுவீங்களாமே. அந்தக் கல்லுல என்ன பேரு இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

பத்து வருஷமாகப் பூ பிடுங்கியும் லோர்னா அந்தக் கல்லை ஒருமுறைகூடப் படித்ததில்லை. மெர்ல் அவளைப் பார்த்த பார்வை அவளுக்கு நன்றாகத் தெரிந்ததுதான். இத்தனை நாள் அவள் டேலைப் பார்த்தது அப்படித்தான்.

திரும்பிப் போனாள். பூக்களைப் பழைய இடத்திலேயே செருகினாள். கல்லை மூடியிருந்த புல்லை, பூச்சிக்கு விலக்குவதுபோல இரண்டு விரலால் விலக்கினாள்.

"வில்மா ஸ்டக்கி, மெர்ல் ஸ்டக்கியின் மனைவி" என்று அவருக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தாள்.

மெர்ல் திரும்பிப் பார்க்காமலே தொப்பியைக் கழற்றினார்.