பெஞ்சில் மய்யித்தாகப் படுத்தவர்

வாப்பாவின் இடது தோளில் முதல் குவளைத் தண்ணீரை ஊற்றியதும், திரைத்துணிக்கு வெளியே நின்ற சகியூசா கேட்டார்.

"எந்தப் பக்கம்டா ஊத்துன?"

"இடது."

"போச்சு போ! வலதுதான் முதல்ல. மறுபடி ஆரம்பி."

ஹனீஃப் குவளையைக் கீழே வைத்தான். புயலால் படகு நின்று இரண்டு நாளாகிறது. இமாம் அக்கரையில். போனும் வேலை செய்யவில்லை. தவேயுனித் தீவின் இந்தப் பக்கம் வேறு முஸ்லிம் ஆண் கிடையாது. பொழுது சாய்வதற்குள் வாப்பாவை அடக்கம் செய்தாக வேண்டும். வாப்பாவைத் தப்பும் தவறுமாகக் குளிப்பாட்டி அனுப்பிவிடுவோமோ என்ற பயம் ஒன்றுதான் அவனுக்குள் உயிரோடு இருந்தது. மற்றதெல்லாம் மரத்துவிட்டது. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

சகியூசா மெதடிஸ்ட் சர்ச்சில் பாட்டுக்குழுத் தலைவர். செவ்வாய்தோறும் பள்ளிக்கூடத்தில் அவரும், வாப்பா மொய்தீன் கோயாவும், முருகன் கோவில் கோவிந்தனும் உட்கார்ந்து, ஒருவர் மதத்தை மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். பதினோரு வருஷம். வாப்பா அவனையும் கூப்பிடாத வாரமில்லை. "வேலவெட்டி இல்லாத கெழவங்க டீ குடிக்கிற எடம்" என்று சிரித்துவிட்டு ரக்பி ஆடப் போய்விடுவான். படுபாவி, ஒரே ஒரு செவ்வாயாவது போயிருக்கலாம்.

"உங்களுக்கு எப்படி மாமா இவ்வளவும் தெரியும்?"

"தெரியாம? ஒருநாள் கோயா என்னையே பெஞ்சுல செத்த உடம்பா, மய்யித்தாப் படுக்கவச்சுல்ல காட்டுனான்! வெறுங்குவளதான். இருந்தாலும் காதுகிட்ட கொண்டுவந்தப்போ கூச்சம் தாங்காம சிரிச்சுட்டேன். 'மய்யித்து சிரிக்காதுடா தடியா, முதல்லேருந்து படு'ன்னுட்டான்."

ஹனீஃபின் உதடு லேசாக இழுத்தது. அவ்வளவுதான்.

வலது பக்கம். பிறகு இடது. நோயில் இளைத்துப்போன வாப்பாவை ஒரு கையாலேயே புரட்ட முடிந்தது. இரண்டாவது முறையும் ஊற்றி முடித்தான்.

"கடைசித் தண்ணில கற்பூரம் போடணும். கீழ பொட்டலம் வச்சிருக்கேன் பாரு. கோவிந்தன் குடுத்தான். சாமிக்கு வாங்கினதாம்."

திரைத்துணிக்கு அடியில் கைவிட்டு எடுத்து, நொறுக்கிப் போட்டான்.

"காதுகிட்ட மெதுவா ஊத்துடா," என்றார் சகியூசா. "அவனுக்கும் கூசும்."

ஹனீஃப் மெதுவாக ஊற்றினான். துவட்டினான். மூன்று வெள்ளைத் துணிகளையும் அவர் சொன்ன வரிசையில் சுற்றி, தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கட்டினான். பிறகு திரையை விலக்கினான்.

சகியூசா மரவள்ளித் தோட்டத்தைப் பார்த்தபடி, இவனுக்கு முதுகு காட்டி நின்றார். மழையில் சட்டை முழுக்க உடம்போடு ஒட்டிவிட்டது. மய்யித்தைக் குளிப்பாட்டும்போது மற்றவர்கள் பார்க்கக் கூடாது என்று வாப்பா சொல்லியிருப்பார்.

"முடிஞ்சுதாடா? திரும்பலாமா?"

ஹனீஃப் வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது. தகரச் சுவரில் சாய்ந்து அதை அடக்கப் பார்த்தான்.

சகியூசாவுக்கு அது கேட்டிருக்கும். ஆனாலும், பதில் வராததால், அவர் திரும்பவில்லை.